சூடு பாத்துத்தான் வச்சேன்

காரணம் கண்டுபிடிக்க வந்திருக்காளாம், காரணம்! கேட்டியா தாயி இந்தக் கூத்தை?

கொஞ்சம் நகந்து உக்காரு. அந்தப் பையை எடுத்து மடியில வச்சுக்க, நானும் உக்காரணும்ல. காலையில இருந்து நின்னுக்கிட்டே கெடக்கேன். அந்த வாட்ச்மேன் பய என்னை மேல விட மாட்டேங்கிறான். கேட்டா, பேசண்டே வேணாம்னு சொல்லிட்டாகளாம். எந்தப் பேசண்டு? என் தங்கச்சி! கூடப் பொறந்தவ! ஆத்தா போனதுக்கப்புறம் இடுப்புல தூக்கிச் சொமந்து வளத்தவ நான். அவ மூணாவது மாடியில படுத்துக்கிட்டு, எங்க அக்காவை விடாதீகன்னு சொல்லுவாளா? சொல்ல மாட்டா. அந்த ஆக்னஸ் டாக்டரு சொல்ல வச்சிருக்கா. அவ வேலைதான் இது.

நீ யாருக்காக வந்திருக்க? அம்மாவுக்கா? எங்க? மாருலயா? அய்யோ பாவமே. எடுக்கணும்னுட்டாகளா? அழுகாத, அழுகாத. எடுத்தாப் பொழைச்சுக்குவாக, என் தங்கச்சி பொழைக்கலையா. அதுல ஒண்ணும் குத்தமில்ல. எடுத்ததுக்கப்புறம் அந்த எடத்துல ஒரு பையை வைக்கிறேம்பாக பாரு, சிலிக்கான் பை, அங்கதான் இருக்கு வெனையே. வைக்கப் போறாகளா உங்கம்மாவுக்கும்? அப்ப நீ நான் சொல்றதைக் கேட்டுட்டுத்தான் எந்திரிக்கணும். சாமி ஒன்னைய என் பக்கத்துல கொண்டாந்து உக்கார வச்சிருக்கு.

என் பேரு மங்கையர்க்கரசி. அருப்புக்கோட்டையில வந்து மங்கை டைலர்னு கேட்டுப் பாரு, சின்னப்பிள்ளை கூட வீட்டைக் காட்டும். பிளவுஸ் மட்டுந்தான் தைப்பேன். கல்யாணப் பொண்ணுகளுக்கு நான் தச்சாத்தான் ஒக்காரும். டேப்பே வேணாம், ஆளைக் கண்ணால பாத்தாப் போதும், அளவு சொல்லிருவேன். இந்தா, ஒனக்குத் தோள்பட்டை எறங்கி நிக்குது பாரு, எவ தச்சா அது? அவ கையில கத்திரியே குடுக்கக் கூடாது.

தங்கச்சி பேரு வசுமதி. கணக்கு டீச்சர். மாருல கட்டின்னதும் நான் ஆடிப்போயிட்டேன். ஆனா எடுத்தே ஆகணும்னப்ப, எடுத்துத் தூரப் போடுங்க, எனக்கு என் பிள்ளை வேணும்னேன். இந்தப் பைதான் வேணாம்னேன். வசு, இதெல்லாம் நமக்கு எதுக்குடி? ஒரு பக்கம் இல்லேன்னா என்ன, பஞ்சு வச்சு, உள்ள காடாத்துணி குடுத்து, பெத்தவளே கண்டுபிடிக்க முடியாத மாதிரித் தச்சுத் தர்றேன்னு சொன்னேன். சொன்னதோட நின்னேனா? தச்சும் குடுத்தேன். போட்டுப் பாத்துட்டுக் கழட்டிக் கட்டில்ல போட்டுட்டா. "அக்கா, போர்டுல எழுதக் கையைத் தூக்குனா ஒரு பக்கம் மேல ஏறுது. பிள்ளைக பாக்குதுக"ன்னா. பாத்தாப் பாக்கட்டுமே! கணக்குப் படிக்க வந்தீகளா, டீச்சர் மாரைப் பாக்க வந்தீகளான்னு ரெண்டு சாத்து சாத்த வேண்டியதுதான? அதைச் செய்ய மாட்டாளாம். லீவு போட்டுட்டு வீட்டுல உக்காந்து அழுவாளாம்.

அவ புருசன் சபாபதி, மாப்பிள்ளை, வாயில்லாப் பூச்சி. "மதினி, அவ திரும்பப் போர்டு முன்னாடி நிக்கணும்னு நெனைக்கிறா. வச்சுக்கிடட்டும் மதினி"ன்னாரு. ரெண்டு பேரும் சேந்து என் வாயை அடைச்சுட்டாக. வச்சாச்சு பையை.

வச்சு வீட்டுக்கு அனுப்பையில ஒரு நர்சுப் பிள்ளை வந்து பெரிய மனுசி மாதிரிப் புத்திமதி சொல்லுது. கையைத் தூக்காதீக, வெயிட்டுத் தூக்காதீக, சரி. அப்புறஞ் சொல்லுது, அந்த எடத்துல சூடும் வைக்கக் கூடாதாம், ஐஸும் வைக்கக் கூடாதாம். ஏன்னா அங்க உணர்ச்சி இருக்காதாம். உணர்ச்சி இல்லாம எப்பிடி இருக்கும்? கட்டையா அது? உசுருள்ள ஒடம்பு. நான் அங்கனயே சிரிச்சுட்டேன். வசு என் முந்தானையைப் பிடிச்சு இழுத்தா, சும்மா இருக்கான்னு. அவளுக்குப் பயம். படிச்சவகளுக்கே வெள்ளை உடுப்பைக் கண்டா பயம்.

எங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். ஆத்தா இல்லாதவளுக்கு நான்தான தாய்வீடு? பத்தியச் சாப்பாடு, வெந்நி, தலை பின்னி விடுறது, எல்லாம் நான்தான். மாப்பிள்ளை சனி ஞாயிறு வந்து பாத்துட்டுப் போவாரு. கடையில வேலை குமிஞ்சு கெடக்கு, முகூர்த்த மாசம் வேற. ஒரு பிளவுஸைத் தொடலையே! போங்கடின்னு எல்லாத்தையும் திருப்பி விட்டேன். என் தங்கச்சிய விடவா பிளவுஸு?

தையல் பிரிச்சுக் கொஞ்ச நாள்ல, இறுக்குதுக்கான்னா. தோள்பட்டைல இருந்து பிடிச்சு இழுக்குதாம், ராவுல பொரள முடியலையாம். ஒத்தடம் குடுத்தாச் சரியாப் போகும்னேன். "வேணாங்கா, சூடு வைக்கக் கூடாதுன்னு சொன்னாக"ன்னா. சொன்னாதான், ஒரு வார்த்தை சொன்னா. நான் விடுவேனா? அடியே, பிள்ளை பெத்தவ, அடிபட்டவ, இடுப்புப் பிடிச்சவ, யாருக்கு நான் ஒத்தடம் குடுக்கல? நேத்துப் படிச்சு வந்த நர்சுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமான்னு ஒரு சத்தம் போட்டேன். அப்புறம் பேசாமப் படுத்துக்கிட்டா.

எப்பிடி வச்சேன்னு கேளு. சும்மா அள்ளி அப்புற ஆளில்ல நான். காடாத்துணியை நாலா மடிச்சு, இஸ்திரிப்பெட்டியை நல்லாச் சூடு ஏத்தி, துணி மேல ஒரு அழுத்து. அழுத்தி எடுத்து என் விரல்ல வச்சுப் பாப்பேன். எதமா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அவ மேல வைப்பேன். முதல்ல தோளுக்கு, அப்புறம் கீழ எறக்கி மாருக்கு. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. அந்தத் துணியை எதுத்த வீட்டுக்காரி ஒரு நா எடுத்துத் தரேன்னு தொட்டுட்டு, அய்யய்யோன்னு கீழ போட்டா. எனக்குச் சிரிப்பு. எனக்கு ஒண்ணும் செய்யாது. இத்தனை வருசமா பட்டியை விரலால நீவி நீவிப் பெட்டியை ஓட்டுற கை இது. தோசைக்குக் கரண்டி தேட மாட்டேன், கையாலயே எடுத்துத் திருப்புவேன்.

வசு ஒரு 'ஸ்' சத்தம் போட்டாளா? போடல. கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பா. மாருல வைக்கையில, எதமா இருக்காடின்னு கேட்டா, "ஒண்ணுந் தெரியலக்கா"ம்பா. தெரியலன்னா என்ன அர்த்தம்? அம்புட்டுப் பக்குவமா வச்சிருக்கேன்னு அர்த்தம். தோளுக்கு மட்டும், ஒருநா ரெண்டுநா, சூடா இருக்குக்கா, சூடா இருக்குக்கான்னா. அவளுக்குச் சின்னதுல இருந்தே தோள் பூஞ்சை, எதையும் தாங்காது. அதுனால தோளுக்கு விட்டுட்டு மாருக்கு மட்டும் வச்சேன்.

அப்பத்தான் அந்தப் பை தன் புத்தியைக் காட்டுச்சு. மொத செவந்துச்சு. ரத்த ஓட்டம் வந்துருச்சுடின்னு சந்தோசப்பட்டேன். அப்புறம் கொப்புளம். உள்ள வச்ச சிலிக்கான் சூட்டைக் கெளப்புது, வேற என்ன? மஞ்சளைப் பூசி விட்டேன். அவ ஒருநா கண்ணாடி முன்னாடி நின்னு அந்தக் கொப்புளத்தைப் பாத்துட்டு, திரும்பி என்னையப் பாத்தா. "அக்கா, இனிமே ஒத்தடம் வேணாங்கா"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. சரி, கோவத்துல இருக்கா, விட்டேன். அப்புறம் காய்ச்சல். தண்ணியா வடியுது, நாத்தம். மாப்பிள்ளை வந்து துணியை விலக்கிப் பாத்துட்டு வாயில கையை வச்சுக்கிட்டு வெளிய ஓடிட்டாரு. தோல் பிஞ்சு உள்ள பை தெரியுது தாயி. என் பிள்ளை மாருல பை தெரியுது.

இங்க தூக்கியாந்தோம். பையை வெளிய எடுத்துட்டாக. அன்னைக்கு நான் போட்டேன் பாரு சத்தம், இந்த ஆஸ்பத்திரி கட்டின நாள்ல இருந்து அப்பிடி ஒரு சத்தம் கேட்டிருக்காது. ஆப்பரேசன் செஞ்ச பெரிய டாக்டர் வந்தாரு. என்னய்யா வச்ச என் தங்கச்சி ஒடம்புலன்னு கேட்டேன். "அம்மா, காரணம் பாத்துக்கிட்டிருக்கோம்"னாரு. நீ பாக்க வேணாம், நானே பாக்குறேன்னு சொல்லிட்டு வந்து இந்த பெஞ்சுல உக்காந்தேன்.

ஆமா, நானும் ஆராய்ச்சி பண்ணுனேன். அந்த ஆக்னஸுக்கு மட்டுந்தான் வருமா ஆராய்ச்சி? பை வச்ச பொம்பளைக செக்கப்புக்கு வருவாளுகள்ல, ஒருத்தி விடாமக் கேட்டேன். ஒருத்திக்குக் கல்லு மாதிரி இறுகிப்போச்சாம். ஒருத்திக்கு உள்ளுக்குள்ளயே திரும்பிக்கிச்சாம். இன்னொருத்திக்கு மூட்டெல்லாம் வலிக்குதாம், முடி கொட்டுதாம், எதுனாலன்னு யாருக்குமே தெரியலையாம். பாத்தியா? எல்லாத்துக்கும் பைதான். ஒண்ணு ரெண்டு பேரு, எனக்கு நல்லாத்தாம்மா இருக்குன்னாளுக. அவளுக ஆஸ்பத்திரி ஆளுக. அவளுகளை நான் சேத்துக்கல. ஒருத்தி மறுநா பை வைக்க வந்து படுக்கை போட்டிருந்தா, கரூர்க்காரி. என் தங்கச்சி கதையைச் சொன்னேன், துணிமணியைச் சுருட்டிக்கிட்டு அன்னைக்கே பஸ் ஏறிட்டா. ஒரு உசுரைக் காப்பாத்தி விட்டேன்.

அதுக்கப்புறந்தான் இந்த ஆக்னஸ் டாக்டரை எறக்கி விட்டாக. இருக்கும், ஒன் வயசு இருக்கும். பை வச்சவகளுக்கு ஏன் கோளாறு வருதுன்னு ஆராய்ச்சி பண்றாளாம். அதுக்குன்னே படிக்கிறாளாம். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி என்ன சாப்பிடுற, எப்பிடித் தூங்குற, என்ன உடுப்புப் போடுறன்னு கேக்குறதுதான் வேலையாம். பையைத்தான பாக்கணும்? பை செஞ்சவனைத்தான பிடிக்கணும்? வீட்டுக்கு எதுக்கு வர்ற?

வந்தா. என் கடைக்கே வந்தா. சரி, வந்தவளைத் தொரத்தக் கூடாதேன்னு சேரைப் போட்டேன். மெசினைப் பாக்குறா, இஸ்திரி டேபிளைப் பாக்குறா, பக்கத்துல மடிச்சு வச்சிருந்த காடாத்துணியைப் பாக்குறா. கையில எடுத்து நாலு மூலையையும் தடவிப் பாக்குறா.

"இது எதுக்கும்மா?"ன்னா.

"இதா? இதுலதான் என் தங்கச்சிக்கு ஒத்தடம் குடுத்தேன்"னேன்.

"நீங்களா குடுத்தீங்க?"

"பின்ன, ஒங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்தா குடுத்தாக?"

அவ மூஞ்சி ஒரு மாதிரிப் போச்சு. "எப்பிடிக் குடுத்தீங்க, செஞ்சு காட்டுறீங்களா?"ன்னா. காட்டுனேனே! எனக்கென்ன பயம்? பெட்டியை ஏத்துனேன், துணியை அழுத்துனேன், எடுத்து விரல்ல வச்சுப் பாத்தேன். இந்தா, எதமா இருக்கு பாருன்னு அவ கையில, முழங்கைக்குக் கீழ வச்சேன். வச்சதுதான் தாமசம், அலறிட்டா! சேர் சாஞ்சு விழுகுது. கையைப் பாத்தா செவசெவன்னு கெடக்கு. நான் சிரிச்சுட்டேன் தாயி. படிச்ச பிள்ளைக்குத் தோலு அம்புட்டுப் பூவா இருக்கு. பேனா பிடிச்ச கை, சூடு தாங்குமா?

அவ சிரிக்கல. குழாய்க்கிட்டப் போயி கையை நனைச்சுட்டு வந்து, "உங்க கையைக் காட்டுங்கம்மா"ன்னா. கண்ணை மூடிக்கிறச் சொன்னா. மூடுனேன். குத்துறேன், தெரிஞ்சாச் சொல்லுங்கன்னா. ம், குத்துன்னேன். கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன், ஒண்ணையுங் காணோம். என்ன, குத்தலையான்னு கண்ணைத் தொறந்து பாத்தா, என் குண்டூசியத்தான் கையில வச்சிருக்கா. "குத்திட்டேம்மா"ங்கிறா. பொய்யி! குத்துனா எனக்குத் தெரியாதா? "சர்க்கரை இருக்கா உங்களுக்கு?"ன்னா. இருக்கு, ஊருக்கே இருக்கு. "கால் மரத்துப்போகுமா?" போகும், செருப்புக் கழண்டு விழுந்தாக் கூடத் தெரியாது, அதுக்கென்ன இப்ப? என் சர்க்கரைக்கும் என் தங்கச்சி மாருல வச்ச பைக்கும் என்னடி சம்பந்தம்?

அப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், பொறுமையாக் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சா. நான் எதுக்குக் கேக்கணும்? கையை ஒதறினேன். ஒங்க ஆஸ்பத்திரி செஞ்ச தப்புக்கு என் வீட்டுல வந்து காரணம் தேடுறியா? சொந்தக்காரி மேல பழியைப் போட்டுட்டு அந்தப் பெரிய டாக்டரைக் காப்பாத்தப் போறியான்னு வாங்கு வாங்குன்னு வாங்குனேன். தெருவே கூடிருச்சு. பையைத் தூக்கிக்கிட்டுப் போறா, வாசல்ல நின்னு திரும்பி, "இனிமே யாருக்கும் வைக்காதீங்கம்மா"ன்னா. போடி, ஒன் வேலையைப் பாத்துக்கிட்டுன்னேன்.

சரி, இப்பக் கேளு. வயிறு எரியிற சங்கதி இனிமேத்தான்.

முந்தாநா மாப்பிள்ளை போன் பண்ணுனாரு. காரணம் தெரிஞ்சுருச்சு மதினி, விட்டுருங்க, யார்ட்டயும் சண்டை போடாதீகன்னாரு. என்ன காரணம்னு கேட்டா, முழுங்குறாரு. நான் விடலை. கடைசியில சொல்றாரு, வசுவே சொல்லிட்டாளாம். சுடுதண்ணிப் பையை அவளே வச்சுக்கிட்டாளாம். தெரியாம நேரம் போயிருச்சாம், வெந்துபோச்சாம். வேற யாரும் வைக்கலையாம். டாக்டருகட்ட அப்பிடியே சொல்லிட்டாளாம்.

சுடுதண்ணிப் பையி! எங்க வீட்டுல ஏது தாயி சுடுதண்ணிப் பை? கண்ணுல கண்டதில்லை நான். வெறகு அடுப்புல வெந்நி வச்சு, பத்தியம் பொங்கி, கடையைப் பூட்டிட்டு, காலையிலும் சாயங்காலமும் பக்கத்துலயே உக்காந்து பாத்துப் பாத்துச் செஞ்சவ நான். அம்புட்டையும் இல்லேன்னு சொல்லிட்டா. எனக்கு நெஞ்சு ஆறல. ஆயிரம் டாக்டரு என்னையத் திட்டட்டும், எனக்கு அது தூசி. இவ, நான் செய்யவே இல்லேன்னு சொல்லலாமா? வளத்தவளுக்கு இதுவா கூலி?

அதுல இன்னொண்ணு இருக்கு. புண்ணு ஆறினதும் திரும்பப் பை வைக்கலாமா வேணாமான்னு டாக்டருக எல்லாம் இன்னைக்குக் கூடிப் பேசுறாகளாம். சொன்னதைக் கேக்காம சூடு வச்சுக்கிட்ட பேசண்டு, அசால்ட்டா இருக்கிறவக, திரும்ப வச்சா இன்னொருக்கா இப்பிடித்தான் பண்ணுவாகன்னு பெரிய டாக்டர் வேணாங்கிறாராம். மாப்பிள்ளை அழுகுறாரு. பை வைக்காட்டி எனக்குச் சந்தோசம்தான், நான் எப்ப வேணும்னேன்? ஆனா என் தங்கச்சி அசால்ட்டா? நோட்டுல ஒரு கோடு கோணலாப் போட்டதில்ல அவ. சொல்பேச்சுக் கேக்காதவளாம்! அவ கேக்காத பேச்சு ஏது? அவ கேட்டுக் கேட்டுத்தான இப்பிடி இளைச்சுக் கெடக்கா?

நேத்து வந்தேன். நேத்து மேல விட்டாக. நேராப் போயி, ஏன்டி பொய் சொன்னேன்னு கேட்டேன். செவுத்தைப் பாத்துப் படுத்திருக்கா. கோவமா இருக்கா. ஏன் கோவம்? கோவப்பட வேண்டியவ நான். சரின்னு பிளாஸ்க்குல இருந்து காப்பியை ஊத்துனேன். அவ திரும்பிப் பாத்தா, டம்ளர்ல இருந்து ஆவி வருது போல, "சூடாக்கா?"ன்னா. விரலை விட்டுப் பாத்தேன். ஆறிப்போச்சு, குடின்னேன்.

ஒரு மடக்குக் குடிச்சா. குடிச்சவ துப்பிட்டா, போர்வையெல்லாம் காப்பி. ஒதடு வெந்துபோச்சு அவளுக்கு. நான் பதறி டம்ளரை வாங்குறேன், அவ டம்ளரைப் பாக்கல. என் கையைப் பாக்குறா. அப்பிடியே பாத்துக்கிட்டு இருக்கா. அந்தக் கோவம் எங்க போச்சோ தெரியல. "அக்கா, எப்ப இருந்துக்கா இப்பிடி?"ன்னா. எப்பிடின்னேன். "ஒண்ணுமில்லக்கா"ன்னுட்டு என் கையைப் பிடிச்சுக் கன்னத்துல வச்சுக்கிட்டு அழுதா பாரு, ஆத்தா செத்தன்னைக்குக் கூட அப்பிடி அழுகல. காப்பி கொட்டுனதுக்கு யாராச்சும் அப்பிடி அழுவாகளா?

அழுது முடிச்சுட்டுச் சொல்றா, "அக்கா, நான் சொன்னது சொன்னதா இருக்கட்டும். எனக்குப் பையும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ தச்ச பிளவுஸையே போட்டுக்கிறேன். நீ மட்டும் டாக்டருகட்ட வாயைத் தொறந்துறாத. சத்தியம் பண்ணு"ங்கிறா. எதுக்குடி பண்ணணும்? நான் என்ன களவாண்டேனா? பணிவிடை செஞ்சவளைப் பொய் சொல்லச் சொல்றியா? பண்ண மாட்டேன்னுட்டேன். நாளைக்கே அந்த டாக்டரைப் பாத்து உள்ளது உள்ளபடி சொல்லப் போறேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அக்கா அக்கான்னு கத்துறா. ட்யூபைப் பிடுங்கிட்டு எறங்கப் பாத்தாளாம், நர்சு பிடிச்சுக்கிட்டாளாம்.

இன்னைக்கு வந்தா, விடாதேன்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்லி வச்சிருக்கு. காலையில ஆக்னஸ் டாக்டர் உள்ள போகையில வழியை மறிச்சேன். இந்தா பாரு, சுடுதண்ணிப் பை கெடையாது, நான் சொல்றதை எழுதிக்கன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "வேணாம்மா. உங்க தங்கச்சி கெஞ்சிக் கேட்டுருக்காங்க. விட்டுருங்கம்மா"ங்கிறா. பாத்தியா? பாத்தியா? காரணம் தேடுறவளுக்கு உண்மை வேணாமாம்! அப்ப இதுல ஏதோ இருக்கா இல்லையா? ஒடம்பு சரியில்லாதவளைப் பயமுறுத்திப் பொய் சொல்ல வச்சு, அதை வச்சே பையும் இல்லேன்னு சொல்லப் போறாளுக. என் பிள்ளை திரும்பப் போர்டு முன்னாடி நிக்கக் கூடாது, அதான?

நிக்கணும். இப்பச் சொல்றேன், நிக்கணும். நான் பையை வேணாம்னு சொன்னவதான். ஆனா நேத்து அவ சொன்னா பாரு, நீ தச்சதையே போட்டுக்கிறேன்னு, அதைச் சொல்லையில அவ மூஞ்சியை நான் பாத்தேன். அந்த மூஞ்சியோட அவ பள்ளிக்கூடம் போக வேணாம். வச்சுக்கிடட்டும். எந்தக் கருமத்தையாச்சும் வச்சுக்கிட்டு நல்லா இருக்கட்டும். அசால்ட்டா இருந்ததுனால ஆகலை, சூடு பாத்து, பக்குவம் பாத்து, பெரியவ ஒருத்தி வச்ச ஒத்தடந்தான்னு தெரிஞ்சாப் பெரிய டாக்டர் என்ன சொல்ல முடியும்? பேசாம வச்சுத்தான ஆகணும்?

ஏ தாயி, நீ ஏன் அழுகுற? ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஒத்தடம் வேணும்னா என்னையக் கூப்பிடு, அருப்புக்கோட்டை ஒண்ணும் தூரமில்ல.

இந்தா, எறங்கி வாராக பாரு. முன்னாடி வாரவருதான் பெரிய டாக்டரு, பின்னாடி அந்த ஆக்னஸ். கூட நாலஞ்சு பேரு. நல்லதாப் போச்சு, எல்லாரும் இருக்கையிலயே கேக்கட்டும்.

ஏன் கையைப் பிடிக்கிற? விடு. விடுங்கிறேன்ல. ஒனக்கு ஒண்ணுந் தெரியாது, நீ சின்னப்பிள்ளை. என்ன, நீயும் வேணாங்கிறியா? ஒனக்கு என்ன வந்துச்சு? என் தங்கச்சி சொல்பேச்சுக் கேக்காதவங்கிற பேரோட இந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போக மாட்டா.

டாக்டரய்யா! ஏய்யா, நில்லுங்க! இங்கிட்டு, இங்கிட்டுத் திரும்புங்க. வசுமதி அக்கா பேசுறேன். அவ வைக்கல. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. நான்தான் வச்சேன். கேட்டீகளா எல்லாரும்? நான்தான், நான்தான் வச்சேன்!